காஷ்மீரத்து ராப் இசையும் நமது பண்பாட்டுக் கடமையும்

(கலை இலக்கியப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

‘இளைஞர்களும் இன்றைய இசையும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விரிந்த தலைப்பு. பொதுவாகப் பேசத் தொடங்கினால், நாம் எல்லோரும் அறிந்த செய்திகளையே மீண்டும் ஒருமுறை சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே ஒரே ஓர் இசைத்தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வழியாக நம்முடைய பண்பாட்டுப் பணியைப் பற்றிச் சில கேள்விகளை முன்வைக்க விரும்புகிறேன்.

அந்தத் தொகுப்பின் பெயர் ‘லிட்டில் கிட், பிக் டிரீம்ஸ்’. சின்னஞ்சிறு பிள்ளை, பெரிய கனவுகள் என்று பொருள். பாடியவர் அஹ்மர் என்னும் ஸ்ரீநகர் இளைஞர். இது அவருடைய முதல் ஆல்பம். டெல்லியில் 2017இல் தொடங்கப்பட்ட ‘ஆசாதி ரெக்கார்ட்ஸ்’ என்ற சுயேச்சையான சிறு நிறுவனம் இதை 2019 ஜூலையில் வெளியிட்டது. ‘செஸ் ஆன் த பீட்’ என்ற பெயரில் இயங்கும் டெல்லி இசையமைப்பாளர் இதன் இசையாக்கத்தில் பங்கேற்றார். காஷ்மீரி மொழியும் இந்துஸ்தானியும் கலந்த ராப் பாடல்கள் இவை.

ஜூலை 2019 என்ற தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில், ஆகஸ்ட் 5 அன்று, அரசியல் சட்டத்தின் 370ஆவது பிரிவு செயலற்றதாக்கப்பட்டது. அதற்கு முந்தைய இரவிலேயே பள்ளத்தாக்கில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. ஒரு மண்ணின் கதையைச் சொன்ன பாடல்கள் இந்தியா முழுவதும் கேட்கப்பட்டுக்கொண்டிருந்த போது, அந்த மண்ணின் மக்களால் அவற்றைக் கேட்க முடியவில்லை. நாம் இன்று பேச வேண்டிய பொருளின் மையம் இதுதான்.

இறக்குமதிச் சரக்கா?

முதலில், நம் தோழர்கள் சிலர் எழுப்பும் ஐயத்துக்கு வருகிறேன். ராப் இசை அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது, நுகர்வுப் பண்பாட்டின் விளைபொருள், நம் மண்ணின் மரபுக்கு ஒவ்வாதது என்று அவர்கள் கருதுகிறார்கள். ஐயத்தில் ஒரு பகுதி நியாயம் இருக்கிறது. கார், கைக்கடிகாரம், பெண்ணுடல் ஆகியவற்றின் விளம்பரப் பாடலாக இந்த இசை சந்தையில் விற்கப்படுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் சந்தையில் விற்கப்படும் வடிவத்தை வைத்து ஒரு கலையின் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது.

ஹிப் ஹாப் பிறந்தது நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில். 1948இல் தொடங்கி 1972 வரை நடந்த ஓர் நெடுஞ்சாலைத் திட்டம் அந்தப் பகுதியை இரண்டாகக் கிழித்தது. தொழிலாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டன. வேலை போனது, வீடுகள் எரிந்தன. எழுபதுகளின் நடுவில் நகராட்சி நிதி நெருக்கடி வந்தபோது பள்ளிகளின் இசைக் கல்விக்கும் வெட்டு விழுந்தது. வாத்தியம் வாங்க வழியில்லாத கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் வீட்டிலிருந்த பழைய இசைத்தட்டுகளையே வாத்தியமாக மாற்றினார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தின் மகனான கூல் ஹெர்க் நடத்திய விருந்தை இந்தக் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ பாடல், குடிசைப்பகுதி வாழ்க்கையின் நெருக்கடியை நேரடியாகப் பேசி அந்தக் கலையின் திசையை மாற்றியது.

மூலதனம் கைவிட்ட நகரத்தில், கைவிடப்பட்டவர்கள் கையிலிருந்ததைக் கொண்டு உருவாக்கிய கலை இது. அதனால்தான் கைவிடப்பட்ட இடங்களிலெல்லாம் வேர்பிடிக்கிறது. மும்பையின் குர்லாவிலும் அந்தேரியிலும், டெல்லியின் திலக் நகரிலும் அது வேர்பிடித்தது. ஸ்ரீநகரில் அது வேர்பிடித்த கதை சற்று வேறானது.

மேடையில்லாத நகரம்

ஸ்ரீநகரில் தொண்ணூறுகளில் பிறந்த ஓர் இளைஞனின் நிலையை எண்ணிப்பாருங்கள். தீவிரவாதக் குழுக்களின் மிரட்டலால் பள்ளத்தாக்கின் திரையரங்குகள் 1990 வாக்கில் மூடப்பட்டுவிட்டன. சில கட்டடங்களில் பாதுகாப்புப் படைகள் குடியேறின. பல திரைகள் கொண்ட ஒரு புதிய அரங்கு திறக்கப்பட்டது 2022இல்தான். இடைப்பட்ட மூன்று தலைமுறை மாணவர்களுக்கு மாலை நேரம் என்பதே ஊரடங்குக்கும் சோதனைச் சாவடிக்கும் உரியதாக இருந்தது. கூடிப் பாட இடமில்லை. கூடுவதே சந்தேகத்துக்குரிய செயல். அப்படிப்பட்ட நகரத்தில் ‘நிலத்தடி இசை’ என்ற சொல் வெறும் பாணியின் பெயராக இருக்க முடியாது. படுக்கையறை ஒன்றில் ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, காதில் ஒரு ஹெட்போன். அவ்வளவுதான் அங்கே இசைக்கூடம்.

2010 கோடையில் 17 வயது மாணவர் ஒருவர் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து பள்ளத்தாக்கு கொந்தளித்தது. அந்தக் கோடையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; பெரும்பாலோர் இளைஞர்கள். அப்போதுதான் எம்.சி. காஷ் என்ற பெயரில் பாடிய ஓர் இளைஞரின் ‘ஐ புரொடெஸ்ட்’ வெளிவந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தப் பாடல் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிகிறது. எண்ணிக்கையாக மட்டுமே செய்தியில் வந்தவர்களுக்கு அது பெயரைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் காவல்துறை சோதனை நடத்தியது.

எம்.சி. காஷ் உலகத்தை நோக்கிப் பேசினார். ஆகவே ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அஹ்மரின் ஆல்பம் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறது. அதில் குரல் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. மோதல் நிலத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையின் அச்சமும் கோபமும், தன்னைச் சுற்றியுள்ள சமூகத்தோடு அவனுக்குள்ள பிணக்கும், மனநெருக்கடியும், எதிர்காலம் பற்றிய ஆசையும் அதில் பேசப்படுகின்றன. ‘எலான்’ என்ற பாடலில் அவரோடு டெல்லியின் பஞ்சாபி ராப் பாடகர் பிரப் தீப் இணைகிறார். 1984 படுகொலைகளின் நினைவைச் சுமக்கும் மேற்கு டெல்லியிலிருந்து வரும் ஒரு சீக்கிய இளைஞரும் ஸ்ரீநகரின் ஒரு முஸ்லிம் இளைஞரும் ஒரே பாடலில் சந்திக்கிறார்கள். எந்த மாநாட்டுத் தீர்மானமும் இல்லாமல் நிகழ்ந்த ஒற்றுமை அது.

மொழியின் கேள்வி

இந்த ஆல்பத்தின் இன்னொரு முக்கியத்துவம் அதன் மொழி. தாய்மொழிக்காகப் போராடிய மரபில் வந்த நமக்கு இது எளிதில் விளங்கும். 2011 கணக்கெடுப்பின்படி காஷ்மீரி பேசுவோர் ஏறத்தாழ 68 லட்சம் பேர். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அந்த மொழி இருக்கிறது. ஆயினும் டோக்ரா மன்னராட்சி காலம் முதல் அங்கே உருதுதான் நிர்வாக மொழி. காஷ்மீரிக்கு அலுவல் மொழித் தகுதி கிடைத்தது 2020இல். அதுவும் மாநிலமே இல்லாமல் போன பிறகு, ஐந்து மொழிகளில் ஒன்றாக.

வீட்டில் காஷ்மீரி, பள்ளியில் உருதுவும் ஆங்கிலமும், தொலைக்காட்சியில் இந்தி என்று வளர்ந்த தலைமுறை தன் தாய்மொழியைச் சற்றுத் தாழ்வாகக் கருதப் பழக்கப்படுத்தப்பட்டது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், உலகின் புதிய இசை வடிவத்தில் காஷ்மீரியை ஒலிக்கச் செய்தபோது, அந்த மொழி பாட்டியின் சமையலறையிலிருந்து தெருவுக்கு வந்தது. அரசின் அகாடமிகள் விருது கொடுத்துச் செய்ய முடியாத காரியம் இது.

மறந்துபோன வேர்கள்

இதை இறக்குமதி என்று சொல்பவர்களுக்கு இன்னொரு செய்தி. காஷ்மீரில் ‘லடீஷா’ என்றொரு நாட்டார் கலை வடிவம் உண்டு. இரும்புக் கம்பியில் வளையங்களைக் கோத்த ஒரு கருவியைத் தட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் பாடகர், வெள்ளம், பஞ்சம், அதிகாரிகளின் அட்டூழியம் ஆகியவற்றை எள்ளலோடு தாளத்தில் சொல்லிச் செல்வார். பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட ஒரு வடிவம். ராப் என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மண் தாளத்தில் செய்தி சொல்லப் பழகியிருந்தது.

எழுத்து மரபிலும் அப்படியே. மஹ்ஜூர் உழைக்கும் மக்களைக் காஷ்மீரிக் கவிதைக்குள் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த அப்துல் அஹத் ஆசாத் புரட்சிக் கவிஞராக வாழ்ந்து 1948இல் மறைந்தார். தீனாநாத் நாதிம் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு இணைந்து நின்றவர். காஷ்மீரியில் கட்டற்ற கவிதையை வளர்த்தவர். 1953இல் அந்த மொழியின் முதல் இசைநாடகமான ‘போம்பூர் த யெம்பர்சல்’ படைப்பை எழுதியவர். நாதிம் ஒரு காஷ்மீரிப் பண்டிட். அவர் மறைந்தது 1988இல். இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய சமூகமே பள்ளத்தாக்கிலிருந்து பெயர்ந்து செல்ல நேர்ந்தது.

இந்தக் கவிஞர்கள் தனித்து நிற்கவில்லை. 1944இல் தேசிய மாநாட்டுக் கட்சி ஏற்ற ‘நயா காஷ்மீர்’ திட்டத்தை உருவாக்கியதில் கம்யூனிஸ்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. ஸ்ரீநகரின் மையச் சதுக்கத்துக்கு மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தை நினைவூட்டும் வகையில் லால் சௌக் என்று பெயரிடப்பட்டது. 1950இல் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம் 22.75 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நிலப்பிரபுக்களிடமிருந்து இழப்பீடின்றி எடுத்து உழுபவருக்குக் கொடுத்தது. இந்தியாவின் மிகத் தீவிரமான நிலச்சீர்திருத்தங்களில் அது ஒன்று. அந்தக் காலத்தில் ஒரு கவிஞர் எழுதிய பாடலுக்குப் பின்னால் விவசாயிகளின் அமைப்பும், பண்பாட்டு முன்னணியும், ஒரு திட்டமும் இருந்தன.

இன்றைய இளைஞரின் பாடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு கணினி இருக்கிறது. சில நண்பர்கள் இருக்கிறார்கள். நாம் இல்லை.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ராப் பாடல்களில் தெளிவான அரசியல் திட்டம் இல்லை, தனிமனிதக் குமுறல்தான் இருக்கிறது என்று நாம் குறை சொல்கிறோம். திட்டத்தைப் பாடகனிடம் தேடுவது முறையா? திட்டம் வகுப்பது இயக்கத்தின் வேலை. இயக்கம் விலகி நின்ற இடத்தில் குமுறலாவது ஒலிக்கிறதே என்று நாம் முதலில் கேட்கப் பழக வேண்டும்.

அறுக்கப்பட்ட கம்பி

இப்போது மீண்டும் ஆகஸ்ட் 2019க்கு வருவோம். பள்ளத்தாக்கில் பின்கட்டண மொபைல் அழைப்புகள் அக்டோபர் நடுவில்தான் திரும்பின. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியாகக் கருத்துரிமையைப் பயன்படுத்துவது அரசியல் சட்டப் பாதுகாப்புக்கு உரியது, காலவரையற்ற முடக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று கூறியது. ஆனால் முடக்கத்தை அதுவே நீக்கவில்லை. அதே மாத இறுதியில் 2ஜி வேகத்தில், அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும் இணைப்பு கிடைத்தது. 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள்.

அந்தப் பதினெட்டு மாதங்களில் ஆப்பிள் வியாபாரிக்கும், மாணவருக்கும், மருத்துவருக்கும் ஏற்பட்ட இழப்பைப் பற்றி நாம் பேசினோம். காவலில் வைக்கப்பட்ட தோழர் தாரிகாமியைச் சந்திக்க, தோழர் யெச்சூரி உச்ச நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்று ஆகஸ்ட் 29 அன்று ஸ்ரீநகர் செல்ல வேண்டியிருந்ததைக் கண்டித்தோம். பாடகர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி நாம் பேசவில்லை. 2ஜி வேகத்தில் ஒரு பாடலைப் பதிவேற்றுவதும் காணொளியைப் பார்ப்பதும் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேடையும் அரங்கும் இல்லாத நகரத்தில் இணையம் மட்டுமே மேடையாக இருந்தது. அந்த மேடையையும் ஓர் ஆணை கழற்றிப் போட்டது. ஒரு பாடலையும் தடைசெய்யாமல், ஒரு பாடகரையும் கைது செய்யாமல், ஒரு தலைமுறையின் இசையை நிறுத்தி வைக்க முடியும் என்பதை ஒன்றிய அரசு நமக்குக் காட்டியது.

இது காஷ்மீரோடு நிற்கும் பிரச்சினையன்று. ‘ஆக்சஸ் நவ்’ அமைப்பின் கணக்கின்படி 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், உலகிலேயே அதிக முறை இணையத்தை முடக்கிய நாடு இந்தியா. 2023இல் மட்டும் 116 முறை. மணிப்பூர் அதே ஆண்டில் மாதக்கணக்கில் இருளில் கிடந்தது. நாளை ஒரு வேலைநிறுத்தத்தின் போதும், ஒரு விவசாயிகள் போராட்டத்தின் போதும் இதே ஆயுதம் எடுக்கப்படும். 2021 ஜனவரியில் டெல்லி எல்லைகளில் எடுக்கப்பட்டதை நாம் பார்த்தோம்.

கம்பியின் மறுமுனையில் இன்னோர் உடைமையாளர் இருக்கிறார். அதே 2019 பிப்ரவரியில்தான் ஸ்பாட்டிஃபை நிறுவனம் இந்தியாவுக்குள் வந்தது. அதே மாதம் மும்பை ராப் பாடகர்களின் வாழ்க்கையைத் தழுவிய ‘கல்லி பாய்’ திரைப்படம் வெளிவந்தது. ‘நிலத்தடி’ இசை இலாபம் தரும் என்பதைப் பெருநிறுவனங்கள் உணர்ந்தன; பாடகர்களோடு ஒப்பந்தங்கள் வந்தன. அந்தப் படத்தில் ஜேஎன்யு மாணவர்களின் ‘ஆசாதி’ முழக்கமும் பாடலாக இடம்பெற்றது. ஆனால் மனுவாதத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் எதிரான சொற்கள் அதில் இல்லை. பசியிலிருந்து விடுதலை கேட்கலாம்; சாதியிலிருந்து விடுதலை கேட்டால் படம் ஓடாது என்று சந்தை முடிவு செய்தது போலும். அரசு வாயை அடைக்கிறது. சந்தை வாயைத் திறக்கவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. சுயேச்சைக் கலைஞர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

விமர்சனமும் வேண்டும்

பாராட்டுவதோடு நின்றுவிட்டால் அது நம் முறையாகாது. இந்தக் கலைக்குள் இருக்கும் குறைகளையும் பேச வேண்டும். முதலாவது, பெண்கள். 2012இல் ஸ்ரீநகரில் பத்தாம் வகுப்பு மாணவிகள் மூவர் ‘பிரகாஷ்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினர். இணையத்தில் மிரட்டல்கள் குவிந்தன, மதத் தலைவர் ஒருவர் அவர்களுக்கு எதிராக ஃபத்வா வெளியிட்டார், குழு கலைந்தது. அரசின் அடக்குமுறையை மட்டும் பேசி, பிற்போக்குச் சக்திகளின் அடக்குமுறையைப் பேசாவிட்டால் நம் பேச்சு அரைகுறையாகிவிடும். பின்னாளில் மெஹக் போன்ற இளம் பெண்கள் ராப் பாடத் துணிந்தபோது அவர்கள் தாண்ட வேண்டியிருந்த வேலிகள் ஆண்களுக்கு இருந்ததைவிட அதிகம்.

இரண்டாவது, இல்லாதவர்களின் நினைவு. நாதிமின் மொழியில் பாடும் தலைமுறைக்கு நாதிமின் சமூகத்தோடு ஒரே தெருவில் வாழ்ந்த அனுபவம் இல்லை. ஜம்முவின் முகாம்களிலும் டெல்லியிலும் வளர்ந்த பண்டிட் இளைஞர்களுக்கும் பள்ளத்தாக்கின் நண்பர்கள் இல்லை. அந்த இரண்டு வலிகளையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தித்தான் சங் பரிவாரம் அரசியல் செய்கிறது. இரண்டையும் ஒரே மொழியில் கேட்கச் செய்யும் இடம் எங்காவது உருவாகுமானால் அது பாட்டில்தான் உருவாகும் என்று நான் நம்புகிறேன். அதற்கு முன்னோடியாக நாதிமின் பெயர் நம்மிடம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

இறுதியாக, பண்பாட்டுப் பணியில் இருக்கும் தோழர்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, கேளுங்கள். கிளைக் கூட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் நூல் விமர்சனம் நடத்துவது போல, மாதம் ஒரு பாடல்தொகுப்பைப் பொருள் விளக்கத்தோடு கேட்டு விவாதிக்கலாம். காஷ்மீரைப் பற்றி அறிக்கை வாசித்திருக்கிறோம். காஷ்மீரி மொழி ஒலித்து நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இரண்டு, மேடை கொடுங்கள். மே தினக் கூட்டத்திலும் வாலிபர், மாணவர் மாநாடுகளிலும் உள்ளூர் இளைஞர்களின் ராப் குழுக்களுக்கு இடம் தர வேண்டும். தலைவர் வரும்வரை கூட்டத்தை இருத்தி வைப்பதற்காக அல்ல; நிகழ்ச்சியின் பகுதியாக. பயணச் செலவும் உழைப்புக்குரிய ஊதியமும் தர வேண்டும். பாடகரும் உழைப்பாளிதான்.

மூன்று, அவர்களைத் திருத்தும் அவசரம் வேண்டாம். நம் முழக்கத்தை அவர்கள் வாயில் வைத்துப் பாடச் சொன்னால் பாட்டும் கெடும், முழக்கமும் கெடும். அஹ்மர் நம் கட்சியின் பாடகர் அல்லர். அவரை அப்படிக் காட்டிக்கொள்வதும் தவறு. அவருடைய பாடலில் நமக்கு உடன்பாடில்லாத சொல்லும் இருக்கலாம். அதைப் பாடும் உரிமைக்காக நிற்பதில் நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

நான்கு, இணைய முடக்கத்தை உழைப்புரிமைப் பிரச்சினையாகவும் கருத்துரிமைப் பிரச்சினையாகவும் எடுத்துச் செல்லுங்கள். தொலைத்தொடர்பு முடக்க விதிகள் எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன, முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் கட்டளை எங்கெல்லாம் மீறப்படுகிறது என்பதைக் கண்காணித்து, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேள்வி எழுப்புவது ஒவ்வொரு மாவட்டத்திலும் செய்யக்கூடிய வேலை.

தோழர்களே, 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் 25 நூல்களைத் தடைசெய்தது. நூல்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. பாடல்களின் பட்டியலும் ஒருநாள் வரக்கூடும். அந்த நாளில், தடைசெய்யப்பட்ட பாடல் எதுவென்று தேடிப்பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் நாம் இருக்கக் கூடாது. அதற்கு முன்பே அவற்றைக் கேட்டவர்களாக, அவற்றைப் பாடியவர்களை அறிந்தவர்களாக, அவர்கள் பக்கத்தில் நிற்பவர்களாக இருக்க வேண்டும். அந்த வேலையை இந்தப் பயிலரங்கிலிருந்தே தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.